கரடி தலைகீழாய் நின்ற அடுப்பு

என் புருஷன் சிமியோன் ஃபேர்பேங்க்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று, சின்ன விமானத்தின் படியில் நின்றபடி என்னைப் பார்த்து, "வாளி!" என்றான்.

விமானத்தில் குமட்டியிருக்கும், வாந்தி எடுக்க வாளி கேட்கிறான் என்று நினைத்தேன். பைலட்டும் அப்படித்தான் நினைத்தான் போல. பின்னால் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சிமியோன் அதைத் தள்ளிவிட்டுச் சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டு, "வாளி, வாளி" என்றான். அப்போதுதான் புரிந்தது. வாளி நான்தான்.

மீன்பிடி முகாமில் சால்மன் மீனைக் கீறிக்கொண்டிருக்கும்போது விழுந்தவன் அவன். கத்தி நழுவியது, அடுத்து ஆளே சரிந்துவிட்டான். வலது கையும் வலது காலும் போய், கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை வரவில்லை. "நீங்க பேசறது அவருக்குப் புரியும்மா, மனசுல நினைக்கிறதும் சரியாத்தான் இருக்கும், வாய்க்கு வர்ற வார்த்தைதான் மாறிப்போவுது" என்று நர்ஸ் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரிந்தது. தேநீரைச் 'செருப்பு' என்பான். நாயை 'அத்தை' என்பான். அதுகூடப் பழகிவிடும். 'ஆமா'வும் 'இல்ல'யும் இடம் மாறியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்போதும் மாறினாலாவது நாம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சில நேரம் மாறும், சில நேரம் மாறாது. "வலிக்குதா?" என்று கேட்டால் "ஆமா" என்பான். மாத்திரை கொடுத்தால் துப்புவான்.

இதற்கு நடுவில் யூகான் ஆற்றில் விளிம்புப் பனி கட்ட ஆரம்பித்துவிட்டது. எங்கள் கணப்பு அடுப்போ சாகக் கிடந்தது. அது டிரம் அடுப்பு, சிமியோனே செய்தது. படுக்கப் போட்ட எண்ணெய் டிரம், முன்னால் ஒரு கதவு, மேலே புகைக்குழாய். இந்த ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் அதே சங்கதி. பல குளிர்காலம் எரிந்து எரிந்து அதன் அடித்தகரம் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. ஓரிடத்தில் உள்ளே எரிகிற தணல் வெளியே தெரிந்தது. நான் உள்ளே மணலைக் கொட்டி, பழைய தகரத்தைத் தட்டிப் போட்டு, எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருநாள் நான் விறகு வெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடு சில்லிட்டுக் கிடக்கிறது. அடுப்பு அணைந்துபோயிருக்கிறது. சிமியோன் அடுப்புக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பிளந்த கட்டையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறான். நெற்றியில் ஒரு காயம். கட்டையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. "சிமியோன், ஏன் இதைக் கட்டிப்பிடிச்சிட்டு இருக்கே? குளிர்ல விறைச்சுப் போயிட்டியே!" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை" என்றான். அன்று புதன்கிழமை.

மூளையும் போய்விட்டது, நர்ஸ் சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று அன்று முடிவு கட்டினேன்.

புது அடுப்புச் செய்ய வா என்று என் தம்பி ரோஸ்கோவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆற்றில் கீழே இருக்கிற ஊரில் இருப்பவன். பனிக்கட்டிகள் உரசிக்கொண்டு வருகிற நேரத்தில், கடைசி முறையாகப் படகைத் தண்ணீரில் இறக்கி வந்து சேர்ந்தான். வாய் ஓயாதவன். கரையில் கால் வைத்ததுமே, "என்ன மச்சான், ஆஸ்பத்திரில நர்ஸுங்க எல்லாம் அழகா இருந்தாங்களாமே, வர மனசே இல்லையாமே!" என்று சிமியோனின் முதுகில் தட்டினான்.

"ஆமா" என்றான் சிமியோன்.

"பாத்தியாக்கா, ஒத்துக்கிட்டான்!"

பொருளுக்குக் குறைவில்லை. கொட்டகைக்குப் பின்னால் நீல டிரம் ஒன்று, உறுதியான தகரம், துரு அரிக்காதது. சிமியோன் விழுவதற்கு முன்பே ஒரு வார்ப்பிரும்புக் கதவும் அதன் சட்டமும் தருவித்து வைத்திருந்தான். கதவின் முகப்பில் ஒரு கரடி, இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பதுபோல வார்த்திருந்தது. கதவின் கீழ்ப்பக்கத்தில் காற்றுக்கு மூன்று துளை, அதை மூடித் திறக்க ஒரு தகடு. வலது பக்கம் கைப்பிடி, இடது பக்கம் கீல். நல்ல சாமான்.

ரோஸ்கோ டிரம்மின் திருகு மூடியைக் கழற்றி மோந்து பார்த்தான். பெட்ரோல் இருந்த டிரம். "இதுல அப்படியே உளி வெச்சா நான் நேரா அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்திடுவேன்" என்று சொல்லி, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டுக் கொட்டினான். பிறகு டிரம்மைத் தரையில் படுக்கப் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, எங்கே கதவு வெட்டுவது என்று கரிக்கட்டையால் கோடு போட்டான். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் டிரம் தரையில் இல்லை. இரண்டு பெரிய மர உருளைகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. போதாக்குறைக்கு அது உருண்டும் போயிருந்தது. ரோஸ்கோ மேலே வைத்த திருகு மூடி இப்போது கீழே, இடது ஓரத்தில் இருந்தது. கரிக்கோடு தலைகீழாய்த் தொங்கியது.

"ஊர்ப் பசங்க வேலை" என்றான் ரோஸ்கோ. இறக்கிப் போட்டு, மறுபடி கோடு போட்டான். உளி தீட்டுவதற்கும் போல்ட்டு நட்டு தேடுவதற்கும் அந்த நாள் போயிற்று.

அடுத்த காலையும் டிரம் மேலே. மூடி மறுபடி கீழே, அதே இடது ஓரம்.

"பசங்க இல்லக்கா. கரடி" என்றான்.

"கரடி டிரம்மைத் தூக்கிக் கட்டைமேல வெக்குமாடா?"

"கதவுல இன்னொரு கரடியைப் பாத்ததும் பொறாமை வந்திருக்கும்."

சிரித்தோம். சிமியோன் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. ரோஸ்கோ டிரம்மை இறக்கியதும் சிமியோன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். வெளியே வந்தான், மேல்கோட்டுகூடப் போடாமல், காலை இழுத்துக்கொண்டு. டிரம்மைக் காட்டி, "மீன்! மீன்!" என்று கத்தினான்.

"இதுல மீன் எண்ணெய் இருந்துச்சா மச்சான்?"

"ஆமா!" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

"இருந்துச்சுங்கிறியா, இல்லைங்கிறியா?"

"ஆமா! கண்ணாடி! மீன்!"

பசிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உள்ளே கூட்டிப்போய் உலர்ந்த சால்மனைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தட்டை ஓங்கித் தள்ளினான். அது சுவரில் போய் விழுந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சாப்பாட்டைத் தள்ளி நான் பார்த்ததில்லை. மீனை வீணாக்கினால் மறுவருஷம் மீன் வராது என்று சொல்கிறவன் அவன். நான் மீனைப் பொறுக்கினேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் பொறுக்கினான்.  

ஊர் மருத்துவ உதவியாளர் இர்மாவைப் போய்ப் பார்த்தேன். எனக்கு இளையவள், நகரத்தில் பயிற்சி எடுத்தவள், பொறுமைசாலி. அவள் வந்து சிமியோனின் ரத்த அழுத்தம் பார்த்தாள், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"எனக்கும் சரியாச் சொல்லத் தெரியலக்கா. மூளையில அடி விழுந்தவங்களுக்குக் கோபம் வரும். தன் வேலையை இன்னொருத்தர் செய்யறாங்களேன்னு ஒரு ஆத்திரமா இருக்கலாம். இல்ல... வேற ஏதாவது மோசமாகுதோ என்னவோ. இப்படியே போனா மறுபடி ஃபேர்பேங்க்ஸுக்குத்தான் அனுப்பணும்."

பொறாமை. அது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. சிமியோன் கையால் செய்யாத சாமான் எங்கள் வீட்டில் குறைவு. அன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ரோஸ்கோ செய்யறது உனக்குப் பிடிக்கலையா? அவன் நமக்காகத்தானே வந்திருக்கான். பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடேன்" என்று கெஞ்சினேன். அவன் என்னையே பார்த்தான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, "வாளி... கொக்கு... எனக்கு... தலகாணி" என்றான். சொல்லிவிட்டு, புரிந்ததா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தான். புரியவில்லை. புரிந்ததுபோல் நடிக்கலாமா என்று நினைத்தேன். நடித்தேன். அவனுக்கு அது தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். டிரம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்குக் கிட்டப் போனேன். பிறகு டிரம்முக்குப் பின்னால் சிமியோனின் தொப்பி தெரிந்தது. ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, இடுப்பை டிரம்மில் கொடுத்து, நல்ல காலை ஊன்றி, அங்குலம் அங்குலமாக அதை மேலே உருட்டிக்கொண்டிருந்தான். வழுக்கி வரும்போது முதுகால் தாங்கினான். உருளைமேல் ஏறியதும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அப்புறம் திருகு மூடி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்துத் திருப்பினான், மறுபடி பார்த்தான், இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

பித்துப் பிடித்தவன் இவ்வளவு கணக்காக வேலை செய்வானா? அப்படிக் கேட்டுக்கொண்டேன். பித்துப் பிடித்தவர்கள்தான் கணக்காகச் செய்வார்கள் என்றும் பதில் வந்தது. ரோஸ்கோவிடம் சொன்னேன். 

"ஒத்தைக் கையாலயா?"

"ஒத்தைக் கையாலதான்."

"எதுக்குக்கா?"

"எனக்கென்னடா தெரியும்!"

அன்று மத்தியானம் எங்கள் பழைய அடுப்பு செத்துப்போனது. நான் ஒரு கட்டையை உள்ளே போட்டேன், அவ்வளவுதான். அடித்தகரம் அப்படியே பிரிந்து, தணலும் மணலும் சாம்பலும் தரையில் கொட்டின. பலகை புகைந்தது. நானும் ரோஸ்கோவும் மண்வெட்டியால் அள்ளி அள்ளி வெளியே பனியில் வீசினோம். சிமியோன் கெட்டிலில் இருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினான். கடைசியில் தரையில் கரியாக ஒரு வட்டம், வீடெல்லாம் புகை, கதவைத் திறந்தால் குளிர், மூடினால் மூச்சு முட்டல்.

"போதும்" என்றான் ரோஸ்கோ, இருமிக்கொண்டே. "இன்னிக்கே வெட்டறேன். எவன் தடுத்தாலும் சரி."

அவன் உளியும் சுத்தியலும் எடுத்து வெளியே போனான். டிரம்மைக் கட்டையிலிருந்து கீழே தள்ளினான். அது 'டொம்' என்று விழுந்த சத்தத்தில் நாய்கள் எல்லாம் ஊளையிட்டன. கரடிக் கதவை எடுக்கத் திரும்பினால் கதவைக் காணோம். சிமியோன் அதைப் பனியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரு மச்சான்."

"ஆமா."

"ஆமான்னா எழுந்திரு!"

"ஆமா! ஆமா!" என்றான். அசையவில்லை.

ரோஸ்கோ அவன் தோளைப் பிடித்தான். சிமியோன் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோலை வீசினான். அது ரோஸ்கோவின் முழங்கையில் பட்டது. பலமான அடிதான். ரோஸ்கோ கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இவனை ஆஸ்பத்திரிலயே விட்டிருக்கணும்க்கா. நல்லதுக்குச் சொல்றேன். உன்னால இவனைப் பாத்துக்க முடியாது" என்றான்.

அதைச் சிமியோன் கேட்டான். அவனுக்கு நாம் பேசுவது புரியும் என்று நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். முழுக்கப் புரிந்திருந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. யார்மேல் கோபம் என்றும் தெரியவில்லை. "வாயை மூடு!" என்று கத்தினேன். ரோஸ்கோ தனக்குத்தான் என்று நினைத்து மூடிக்கொண்டான். நான் சிமியோனிடம் போனேன். "நீயும்தான். பேசாதே. ஒரு வார்த்தை பேசக்கூடாது. உனக்கு என்ன வேணும்னு காட்டு. கையால காட்டு."

 அவன் கையை நீட்டினான். தூக்கிவிட்டேன். முதலில் டிரம்மைக் காட்டினான், அப்புறம் கட்டைகளை. ரோஸ்கோ என்னைப் பார்த்தான். "வை" என்றேன். முனகிக்கொண்டே தூக்கி வைத்தான். சிமியோன் மூடியைக் காட்டினான்; அது கீழே, இடது ஓரம் வரும்வரை ரோஸ்கோவை உருட்டவைத்தான். அப்புறம் வீட்டுக்குள் போய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். டிரம்முக்கு முன்னால் போட்டான். உட்காரப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து என்னை உட்காரவைத்தான்.

பனியில், நாற்காலியில், டிரம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஆள் தெரிகிறது. வெட்கமாக இருந்தது.

சிமியோன் என் வலது கையை எடுத்து என் தொடைக்கு அடியில் செருகினான். எடுக்கப் போனேன், அழுத்திவிட்டான். இடது கையில் ஒரு விறகுக்கட்டையைக் கொடுத்தான். பிறகு கரடிக் கதவைக் கொண்டுவந்து டிரம்மின் முகப்பில் வைத்து, நெஞ்சால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, தலையை அசைத்தான். திற.

கைப்பிடி வலது பக்கம் இருந்தது. கட்டையை மடியில் வைத்துவிட்டு, இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்து இழுத்தேன். கதவு இடது பக்கமாகத் திறந்து என் கைமேலேயே வந்தது. சுடுகிற கதவாக இருந்தால் தோல் போயிருக்கும். கட்டையைப் போட வழியே இல்லை.

சிமியோன் கதவைத் தலைகீழாகத் திருப்பினான். கரடி தலையில் நின்றது. இப்போது கைப்பிடி இடது பக்கம், கீல் வலது பக்கம். திறந்தேன். கதவு என்னைவிட்டு விலகிப் போனது. கட்டை என் மடியிலிருந்து நேராக உள்ளே போகிற உயரத்தில், கையெட்டும் தூரத்தில், கதவுச் சட்டத்தின் வாய் திறந்திருந்தது. குனியவே வேண்டாம்.

மடியில் கட்டையோடு சில்லிட்ட வீட்டில் உட்கார்ந்திருந்தவனை நினைத்தேன். நெற்றியில் காயம். குனிந்து போடப் பார்த்து விழுந்திருக்கிறான். நான் வெளியே போனபோதெல்லாம் விழுந்து விழுந்து பார்த்திருக்கிறானோ என்னவோ.

"ரோஸ்கோ, இவன் உக்காந்த இடத்திலிருந்து, இடது கையால அடுப்புப் போடணும்ங்கிறான்டா" என்றேன். 

ரோஸ்கோ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தலையைச் சொறிந்தான். "சரி, உயரம் புரியுது. கதவு தலைகீழ், அதுவும் புரியுது. ஆனா காத்துத்துளை மேல போயிடுச்சே! மேலே காத்து போனா அடியில எப்படி எரியும்? அது மட்டும் பைத்தியக்காரத்தனம்தான்."

சிமியோன் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே குனியவைத்து, இடது ஓரத்துத் திருகு மூடியைக் காட்டினான். நல்ல கையால் அதைத் திருகித் திறந்தான். மூடினான். கொஞ்சமாகத் திறந்தான். பிறகு வாயைக் குவித்து அந்த ஓட்டையில் 'ஃபூ' என்று ஊதினான்.

ரோஸ்கோ பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மச்சான்... மூணு நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்தியா?"

"இல்ல!" என்றான் சிமியோன், கண் நிறையச் சந்தோஷத்தோடு.

அந்தக் குழப்பம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வேலை ஓடியது. சிமியோன் இடது கையால் உளியைப் பிடித்தான், ரோஸ்கோ சுத்தியலால் அடித்தான். "அடி தவறினா உன் இன்னொரு கையும் போச்சு மச்சான்" என்றான் ரோஸ்கோ. சிமியோன் கையை நகர்த்தவே இல்லை. கதவுக்குச் சதுரமாகவும், பின்பக்கம் மேலே புகைக்குழாய்க்கு வட்டமாகவும் வெட்டினார்கள். பழைய இரும்புக் கட்டிலின் சட்டங்களை அறுத்து நீளமான கால்கள் வைத்தார்கள். உருளைகளுக்குப் பதில் அவை டிரம்மைத் தாங்கி நின்றபோது, மூஸ் மான் கன்று புதிதாக எழுந்து நிற்பதுபோல் இருந்தது. உள்ளே ஆற்றுமணல் கொட்டி, அது திருகு மூடியின் ஓட்டைக்குக் கீழேயே நிற்கும்படி சமன் செய்தார்கள். நீலப் பெயிண்ட் கருகிப் போகட்டும் என்று முதல் நெருப்பை வெளியிலேயே மூட்டினோம். நாற்றத்தில் நாய்கள் கயிறு நீளத்துக்கு விலகிப் போயின.

அன்றைக்கு நாங்கள் இர்மா வீட்டில் தூங்கினோம். மறுநாள் அடுப்பை உள்ளே கொண்டுபோய், கருகிய வட்டத்தின்மேல் தகரம் விரித்து நிறுத்தினோம். உயரம் கூடியதால் பழைய புகைக்குழாய் நீளமாகிவிட்டது. ஒரு துண்டு அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. சிமியோன் நாற்காலியில் உட்கார்ந்தான். எங்கள் யாரையும் கிட்ட விடவில்லை. பிர்ச் மரப்பட்டையை வைத்தான், சிராய்களை வைத்தான், தொடையிடுக்கில் பெட்டியைச் செருகித் தீக்குச்சியை உரசினான்.

முதலில் புகை முழுக்க எங்கள் முகத்தில்தான் வந்தது. மூடியைத் திறந்தான், இன்னும் வந்தது. மூடினான், தீ படுத்துவிட்டது. ரோஸ்கோ என் காதில், "நான் சொன்னேன்ல, காத்து..." என்று ஆரம்பித்தான். அவன் விலாவில் இடித்தேன். ஆனால் நானும் நினைத்தேன். ஒருவேளை நாங்கள் ஒரு அடிபட்ட மூளையின் பேச்சைக் கேட்டு நல்ல டிரம்மைக் கெடுத்துவிட்டோமோ? சிமியோனின் முகத்திலும் அதே சந்தேகம் ஓடியதைப் பார்த்தேன். தனக்கே தன்மேல் நம்பிக்கை போன முகம். அவன் யோசித்தான். பட்டையை இன்னும் இரண்டு எடுத்து, கொளுத்தி, கதவைத் திறந்து உள்ளே மேல்பக்கமாக, குழாயை நோக்கிப் பிடித்தான். குளிர்ந்து கிடந்த குழாய் சூடாகட்டும் என்று பிடித்தான். கொஞ்ச நேரத்தில் குழாய் ஒரு முறை பெருமூச்சு விட்டது. புகை திரும்பி உள்ளே போனது. மூடியின் ஓட்டை வழியாக உள்ளே செவேலென்று தெரிந்தது. கிர்ர் என்று அடுப்பு பேச ஆரம்பித்தது.

இர்மா வாசலில் நின்று அடுப்புக் கதவைப் பார்த்தாள். "கரடி ஏன்க்கா தலைகீழா நிக்குது?"

"மீன் பிடிக்குது" என்றான் ரோஸ்கோ.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஊரே வந்து போனது. வந்தவர்கள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கரடியைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். யாராவது உதவி என்று நினைத்து அடுப்பில் கட்டை போட எழுந்தால் சிமியோன் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டிவிடுவான். நான் முயல் கண்ணிகளைப் பார்க்கவும் விறகுக்கும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போனேன். அடுப்பு அணையவில்லை. பாதியில் ஓடிவர வேண்டியிருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அடுப்பு உயரத்தில் நிற்பதால் சூடெல்லாம் கூரைக்குப் போகிறது. தரை குளிர்ந்து கிடக்கிறது, மேசைக்கடியில் பனிப்பூச்சு படிகிறது. நான் வீட்டுக்குள்ளேயே முயல்தோல் காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறேன். இதைப் பற்றி அவனிடம் சண்டையும் போட்டிருக்கிறேன். அவன் பதிலுக்குச் சண்டை போடுகிறான். என்ன சொல்லித் திட்டுகிறான் என்று தெரியாததால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ரோஸ்கோ ஆறு உறைந்து கெட்டியானதும் பனிவண்டியில் தன் ஊருக்குப் போனான். போகும்போது சிமியோனின் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அன்றைக்குச் சொன்னதற்கு ஏதோ சொல்ல வந்தான்.  சிமியோன் அவன் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டான்.

இன்னொன்று. கதவுக்காக வெட்டியெடுத்த அந்தச் சதுரத் தகரத்தை ரோஸ்கோ எறியப் போனபோது சிமியோன் பிடுங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அதை விடுவதில்லை. ஓரங்களை அரத்தால் ராவி மழுங்கடித்தான். சில நாள் அது நாற்காலிக்கு அடியில் இருக்கும், சில நாள் ஜன்னலில் சாய்த்து வைத்திருப்பான். வெயில் படும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பான். என் கால் குளிருக்கு ஏதோ செய்யப் பார்க்கிறானோ என்று நினைத்தேன். காலடியில் வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டினான். சுவரில் வைத்துக் காட்டினேன். அதற்கும் ஆட்டினான். நாற்காலியில் என்னை உட்காரவை, கையால் காட்டு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவன் யோசித்தான். தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். எதற்கு என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

நேற்று அதில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறான்.